வேனில் மடுவும் வேட்டை வினையும்

சித்திரை வைகாசித் திங்கள்களில் ஏலாக்குறிச்சியின் தென்பாலுள்ள கொள்ளிடம் மணற்பரப்பாய்க் கிடக்கும். ஆங்காங்கே சில மடுக்களே எஞ்சும். பரந்த நீரிற் பிரிந்து மேய்ந்த நாரையும் மடையானும் நாமக்கோழியும் அப்போது அச்சிறு நீரையே சூழும். ஒளிதற்குக் கோரையும் இராது. வேட்டையாடுவோன் புள்ளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கண்ணி வைத்து மரநிழலில் இருப்பின் போதும். நீர்வேட்கையே அவற்றை அவன்பாற் கொணரும்.

இம்மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் காப்பிடமாகி, 2024இல் இராம்சர் பட்டியலிலுஞ் சேர்ந்தது. வனவுயிர்களைக் காக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமோ ஆற்று மடுவிற்கும் உரியது. எம் ஆராய்ச்சி சட்டம் பற்றியதன்று.

சென்ற வேனிலில், மடையான் நான்கினைக் காலிற் பிணித்துக் கொணர்ந்த இளைஞன் ஒருவனைக் கரையிற் கண்டு கடிந்தோம். அவன் சிறிதும் நாணாது, "அதுகளின் விதி முடிந்தது, ஐயா, நான் வெறுங் கருவிதானே? கோயிலில் நீங்கள் சொல்லும் வினைக்கணக்கும் இதுதானே?" என்றான். மேடையில் யாம் எளிதாகக் கூறிவிட்டது எங்ஙனம் விளைந்தது எனக் கண்டு திடுக்கிட்டோம்.

உயிர்கள் நுகரும் இன்பதுன்பம் பிராரத்தப் பயன் என்பதும், அதனைக் கூட்டுவான் இறைவனே என்பதும் நம் நூற்றுணிபு. ஆயின் மடையானின் பிராரத்தத்தை அவ்விளைஞன் அறிந்தானல்லன். அவன் அறிந்தது அதன் நீர்வேட்கையும் தன் ஊன்வேட்கையுமே. தன் விருப்பாற் செய்த அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். சிவஞானசித்தியார் இதம் அகிதம் என வகுத்ததும் செய்வோனை நோக்கியே. இறந்த புள்ளின் கணக்கைக் கொண்டு கொன்றவன் கணக்கைத் தீர்த்தல், ஒருவன் பட்ட கடனைப் பிறனொருவன் ஏட்டிற் கழித்தல் போலாம். "உன் கையிலுள்ளவற்றை யாம் பறித்துக்கொண்டு, இஃது உன் விதி என்றால் ஒப்புவையோ, தம்பி?" என்றோம். நகைத்தான். கண்ணப்பரும் வேட்டுவரல்லரோ என வினவுவாரும் உளர். பெரியபுராணம் போற்றியது அவர்தம் அன்பினையே, வில்லினை அன்று. பலகாலும் சொல்லப்பட்டதாதலின் விரிக்கிலம்.

வேனில் வேட்டை பிற வேட்டையினுங் கொடிது என்பது எம் கருத்து. பறந்து பிழைக்க இடமுள்ள புள்ளைக் கொல்வோன் அதன் உயிரைக் கவர்கின்றான். நீர் நாடி வந்ததனைக் கொல்வோனோ, எல்லா உயிரும் நம்பி அணுகுதற்குரிய நீரையே படைக்கலமாக்குகின்றான். திங்களூரிலே அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த வரலாற்றை ஓதும் நமக்கு இவ்வேறுபாடு விளங்காமற் போகாது.

பிரியுங்கால் அவன் சொன்னது எம்மை இன்னும் விடவில்லை. "மடு சுருங்கியது என்னாலா? கரையெங்கும் மோட்டார் வைத்து இறைக்கிறீர்களே, ஐயா." கரையோரத்து எம் வயலிலும் ஒன்று உண்டு. இல்வாழ்வான் அறியாது உயிர்கொல்லும் இடங்களெனப் பெரியோர் எண்ணிய பஞ்சசூனையுள் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் என்பவற்றோடு நீர்க்குடமும் ஒன்று. குடத்திற்கு ஐவேள்வி கழுவாயாயிற்று, மோட்டாருக்கு யாது? இவ்வேனிலில் மாலைதோறும் ஒரு நாழிகை நீரை மடுவின்பால் விடுமாறு வயலாளிடம் கூறியுள்ளோம். அறிந்து செய்யும் இறைப்பிற்கு இது கழுவாயாமோ, ஆகாதோ என்பதனை மடாலயத்துப் பெரியோர் ஆராய்ந்து இவ்விதழில் எழுதுவாராக.