மடியில் ஒரு துப்பாக்கி

ஆண்டிபட்டிக் கணவாய் வழியே இரவில் வசூல் பணத்துடன் திரும்பும் வியாபாரி ஒருவர், இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை மடியில் மறைத்து வைத்துக்கொள்ள மார்க்கத்தில் தடை உண்டா?" என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவரோ பயத்துக்காகக் கனம் தேடுகிறார்!

கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரைச் சொன்னார். எடை அரைக் கிலோ. பெண்களின் கைப்பைக்குள்ளும் அடங்கும். அன்றே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றால் தடையில்லை என்றோம். தன் பொருளைக் காக்கப் போராடி மாண்டவர் ஷஹீத் என்பது நபிமொழியன்றோ? ஆனால் ஃபிக்ஹு நூலோர் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சத்தமிட்டு விரட்ட முடிந்தால் அடிக்கக்கூடாது, அடித்து விரட்ட முடிந்தால் கொல்லக்கூடாது. இருட்டில், நடுங்கும் கைக்கு இந்தப் படிகள் தெரியுமா? வழி கேட்க வந்தவனும் கள்வனாகத் தெரிவானே!

பள்ளிவாசலிலும் கடைவீதியிலும் அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மறைத்த துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் இருக்கிறதென்று ஸஃப்பில் அடுத்து நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

"வீட்டில் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டோம்.

"நாலு, ஹஜ்ரத்."

"இரவில் அதை எங்கே வைப்பீர்கள்?"

யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.