சங்கம் யாருக்காக?

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்துவிட்டால் அங்கத்தினர்களில் சிலர் தவறாமல் ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு. "மாதாமாதம் சந்தா கட்டுகிறோமே, சங்கத்தினால் நமக்கு என்ன பிரயோசனம்?" என்பதே அது. வியாபாரி லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை. எனினும் அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சங்கத்தினால் கடைத்தெருவுக்கு என்ன பிரயோசனம்? நம்மிடம் சாமான் வாங்க வருகிறவனுக்கு என்ன பிரயோசனம்?

நெகிரி செம்பிலானில் நம்மவர் கடைகள் தோட்டங்களை நம்பி எழுந்தவை. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் பக்கங்களில் சுற்றிலும் பால்மரக் காடு, நடுவில் இரண்டு வரிசைக் கடை. சம்பளம் போட்ட மறுநாள் ஐந்தடியில் கால் வைக்க இடமிராது. மற்ற நாட்களில் கடன்தான். '555' நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கொடுப்பதும், சம்பளத்தன்று வரவு வைப்பதும் வழக்கம். கொரியா யுத்தத்தினால் 1950-51-ல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியபோது கடைத்தெருவும் செழித்தது என்றும், விலை இறங்கியபோது கடைக்காரர்கள் புத்தகத்தை மூடாமல் பொறுத்திருந்தனர் என்றும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்க 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். பால்வெட்டுத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். ஏழைகளின் சந்தா நிலமாயிற்று! அதன் பின் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நம் மக்களில் பலர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தனர். லயங்களில் இன்று வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் 555 புத்தகம் மாறவில்லை.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது லயத்து மக்கள் வெளியே வர முடியாமல் தவித்தனர். நம் தெருக்காரர்கள் கூடிப் பேசி, அரிசியும் மாவும் எண்ணெயும் சேர்த்து அனுப்பினோம். சீனரும் மலாய்க்காரரும் தங்கள் கடையிலிருந்து கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல காரியம். ஆனால் அந்த நற்காரியத்தையே சொல்லி நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது என்பதற்கு நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு வங்காள தேசத்துத் தொழிலாளி ஒருவர் நமது கடைக்கு வந்து ஒரு 555 புத்தகத்தை நீட்டினார். "பாய், இதைக் கூட்டிப் பாருங்கள்" என்றார் மலாய் மொழியில். புத்தகம் வேறொரு கடையுடையது. கூட்டினோம். ஒரே எண்ணெய் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் வாங்கவேயில்லை என்று சொன்ன சாமான்களும் இருந்தன. மொத்தம் 63 வெள்ளி அதிகம். கடைக்காரரோ நம் சங்கத்து அங்கத்தினர். ஜும்ஆவில் நம் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர். "சங்கத்தில் சொல்லிப் பார்க்கிறோம்" என்றோம். அடுத்த கூட்டத்தில் தெரு விளக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருவர் முகம் சுளிக்குமே என்ற கூச்சம்! அந்தத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த 63 வெள்ளியை நாம் எடுக்கவில்லை. ஆனால் அது திரும்பாமல் போனதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல நமது மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. தருமம் செய்வது எளிது. நம்மவர் ஒருவருக்கு எதிராக நியாயம் சொல்வதுதான் கடினம். அரிசி கொடுத்தவனை ஊர் வாழ்த்தும். நியாயம் சொன்னவனை நண்பனே வெறுப்பான்.

நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன், இளமைப் பருவத்தில் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கையை நாம் அறிவோம். எமன் தேசத்து ஸபீதிலிருந்து வந்த வியாபாரியிடம் மக்கத்துப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்கவில்லை. அந்நியனுக்கு அங்கே ஆதரவு ஏது? அவன் மலைமீது ஏறி முறையிட்டான். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் குறைஷிகளில் சில கோத்திரத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவன் யாராயினும் அவன் பக்கமே நிற்பதென்று சத்தியம் செய்து, அவனது பொருளை மீட்டுக் கொடுத்தனர். இஸ்லாத்தில் அழைக்கப்பட்டாலும் அத்தகைய உடன்படிக்கைக்கு இணங்குவேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிற்காலத்தில் கூறியதாக வரலாறு. அவர்கள் கூடியது தங்கள் ஊர்க்காரனைக் காப்பாற்ற அல்ல. ஊர்க்காரனிடமிருந்து அந்நியனைக் காப்பாற்ற. நம் சங்கங்களுக்கு இதைவிட வேறு முன்மாதிரி வேண்டுமா?

"அங்கத்தினரைக் கண்டித்தால் அவர் சங்கத்தை விட்டுப் போய்விடுவாரே" எனலாம். போகலாம். ஆனால் கண்டிக்காமல் விட்டால் வாடிக்கைக்காரன் தெருவையே விட்டுப் போகிறான். ஒருவர் செய்த மோசத்துக்கு "அந்தத் தெருவே அப்படித்தான்" என்ற பெயர் எல்லோர் தலையிலும் விழுகிறது. சங்கம் கோர்ட்டு அல்ல. தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. தனியாக அழைத்து, கணக்கை முன்னே வைத்து, "இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காக்கா" என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு. பெரும்பாலும் அதுவே போதும்.

திருமறையில் சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்து கடனை எழுதிவைக்கப் பணிக்கிறது. வாசகத்தைச் சொல்லும் பொறுப்பையோ கடன்பட்டவனிடமே ஒப்படைக்கிறது. நம் கடைகளில் நாம் எழுதுகிறோம், அவன் வாய் மூடி நிற்கிறான். ஆகவே ஒவ்வொரு பற்றையும் வாங்குகிறவன் காதில் விழப் படித்து எழுதுவோம். அவனிடமும் ஒரு புத்தகம் இருக்கட்டும். தகராறு வந்தால் பார்க்கச் சங்கம் இருவரை நியமிக்கட்டும். அதற்கு முந்திய 280-ஆம் ஆயத்து சொல்கிறபடி, கஷ்டப்படுகிறவனுக்குத் தவணையும் கொடுப்போம்.

அடுத்த கூட்டத்தில் இதை நாமே எழுந்து சொல்வதாக நிய்யத்து வைத்திருக்கிறோம். வாய் திறக்கும் தைரியத்தையும், கேட்கிறவர்களுக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.