சாவடிக்காரரின் பங்கு



நல்ல சமாரியர் உவமை என்றாலே நம் மனம் எரிகோ சாலையோரத்திலேயே நின்றுவிடுகிறது. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு எல்லாம் முடிந்ததுபோல் நினைக்கிறோம். லூக்கா அதோடு விடவில்லை. அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோனது, மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தது, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் சொல் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். சமாரியர் கிளம்பிப் போன பிறகு அந்தக் காயத்தைப் பார்த்துக்கொண்டது யார்? பெயர்கூடத் தெரியாத அந்தச் சாவடிக்காரர்தான்.

தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த நம் பங்குச் சகோதரர் ஒருவர், படுக்கைப்புண்ணுக்கு பிளாப் அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்திருக்கிறார். எலும்புவரை அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்துச் சதையையும் தோலையும் இரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி அந்தக் குழியை மூடுகிறார்கள். மருத்துவர்களுக்கு அது சில மணி நேர வேலை. அதன்பின் பல வாரங்களுக்கு அந்த இடத்தில் உடம்பின் பாரம் விழக்கூடாது. நட்ட நாற்று வேர்பிடிக்கும்வரை வயலில் கால்வைக்க மாட்டோமே, அப்படித்தான். குப்புறவோ ஒருக்களித்தோ படுத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இழுக்காமல், தூக்கி. விரிப்பில் உராய்ந்தாலே தையல் பிரிந்துவிடலாம். மருத்துவர் அனுமதித்த பிறகும் முதல் நாள் பத்து, பதினைந்து நிமிடம்தான் உட்காரலாம். உடனே படுக்கவைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா, சிவப்பு மறைகிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்க்கும் அவருடைய மனைவியை நான் பார்த்தேன். சாவடிக்காரரை அந்த வீட்டில்தான் கண்டேன்.

இதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, முன்செய்த பாவம் என்றெல்லாம் காதுபட யாரும் பேச வேண்டாம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் முன், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரு தரப்பின்மீதும் பழியில்லை என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். படுக்கைப்புண் வருவது இப்படித்தான்: நாம் தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம். ஒரே இடம் அழுந்தும்போது உடம்பு நம்மைப் புரட்டிவிடுகிறது. நம் சகோதரருக்கு அந்த உணர்வு எட்டுவதில்லை. அழுந்திய இடத்தில் இரத்தம் ஓடாமல் சில மணி நேரத்திலேயே சதை சாகத் தொடங்கிவிடும். நம் எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் அருளை அவருக்கு மட்டும் இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

1954-இல் விபத்தில் நடக்கும் திறனை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1966-இல் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணமானார். அறுவை மேசையோடு குணம் முடிந்துவிடுவதில்லை என்பது அவருடைய உடம்பே அறிந்த உண்மை.

ஆகவே அன்பிய மக்களே, பார்க்கப் போகும்போது கட்டில் விளிம்பில் உட்காராதீர்கள். நின்றுகொண்டும் பேசாதீர்கள், குப்புறப் படுத்திருப்பவருக்கு உங்கள் கால்கள் மட்டுமே தெரியும். பாய் விரித்துத் தரையில் உட்காருங்கள், முகம் தெரியட்டும். ஆப்பிள் பையைவிட அவித்த முட்டையும் மீனும் பருப்பும் நல்லது. புண் ஆறப் புரதம் வேண்டும். சிகரெட் பிடித்துவிட்டு அந்த அறைக்குள் போகாதீர்கள்.

பகலில் ஆள் இருக்கிறது. இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்குத்தான் அந்தச் சகோதரி தனியாகக் கணவரைத் திருப்புகிறார். திருப்பலி முடிந்ததும் இரவுக்கு வர முடிந்தவர்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள், ஒரு இரவுக்கு இரண்டு பேராக. எப்படித் தூக்க வேண்டும் என்று அவரே சொல்லித்தருவார். செவ்வாய் இரவுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.