உறக்கமும் உழைச்செல்வானும்

உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் மனிதன் பிறரை நாடுகின்றான். உறக்கத்தையோ ஒருவர் மற்றொருவருக்கு அளித்தல் இயலாது. ஆதலின் உறக்கமின்மை தனிமனிதனின் குறையென்றே உலகம் கருதி வருகின்றது. கவலையை விட்டொழித்தால் உறக்கம் தானே வரும் என்பது ஊரார் கூறும் அறிவுரை. உறங்காதவனே அக்குறைக்குப் பொறுப்பாளி என்னும் தீர்ப்பும் அவ்வறிவுரைக்குள் அடங்கியிருக்கின்றது. அத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதா என்பது ஆராயத் தக்கது.

வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று திங்களுக்குக் குறையாமல், உறங்க வாய்ப்பிருந்தும் உறக்கம் கூடாமல் பகலில் நலிவதையே மருத்துவர் நாட்பட்ட உறக்கமின்மை என்பர். இதற்கு முதற்கண் அளிக்கத் தக்கது மாத்திரையன்று. எண்ணத்தையும் பழக்கத்தையும் நெறிப்படுத்தும் பயிற்சியே என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. படுக்கையை உறக்கத்திற்கே உரியதாக்குதல், உறக்கம் வாராவிடில் எழுந்து வேறிடம் செல்லுதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் விழித்தெழுதல் ஆகியன அப்பயிற்சியின் கூறுகள்.

இதனைக் கற்பிக்க வல்லோர் சிலரே. அவரும் பெருநகரங்களிலேயே உறைகின்றனர். எனவே பயிற்சி இணையத்தின் வழியே செல்லத் தொடங்கியது. இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இரவும் பகலும் இயங்குகின்றது. மனநல மருத்துவரே இல்லாத சிற்றூரில் வாழ்பவரும் வீட்டிலிருந்தவாறே ஆலோசனை பெறலாம். இது சிறிய நன்மையன்று.

சிங்கப்பூரில் அத்தகைய சிற்றூர்த் தொலைவு இல்லை. ஆயினும் தொலைவு என்பது மைலால் மட்டுமே அளக்கப்படுவதன்று. ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையை நிறைக்கும் தொழிலாளருள் பலர், துவாஸ், கிராஞ்சி போன்ற புறப்பகுதிகளின் தங்கும் விடுதிகளில் வாழ்பவர். 2020 ஏப்ரலில் தொற்றுநோயின் பொருட்டு அவ்விடுதிகள் அடைக்கப்பெற்றபோது, மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் நகருக்குள்ளேயே நகரினின்று பிரிந்து வாழ்ந்தனர். அந்நாளில் மருத்துவர் பலர் கைப்பேசித் திரையில் தோன்றியே நோயாளரைக் கண்டனர். 2006ஆம் ஆண்டு முதல் தொழிலாளர்க்கு மருத்துவத் தொண்டாற்றி வரும் 'ஹெல்த்சர்வ்' போன்ற அமைப்புகள் தொலைவிலிருந்தே ஆறுதல் மொழிந்தன.

குரல் வந்து சேர்ந்தது. மருத்துவம் முழுமையும் வந்து சேர்ந்ததா என்பதே அடுத்து எழும் வினா. மருந்து என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு கூறுடையது என்றார் வள்ளுவர். உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிருந்து துணைசெய்பவன். இம்முறையில் மருத்துவனும் மருந்தும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டனர். நோயாளி படுக்கையில் இருக்கின்றான். நான்காமவனுக்கு மட்டும் இடமில்லை.

அவ்விடம் வெறுமையாயின் என்னாகும்? உறக்கம் வாராவிடில் எழுந்து வேறிடம் செல்க என்கின்றது பயிற்சி. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பவன் எங்கே செல்வான்? நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுக என்கின்றது. இவ்வாரம் பகல்வேலையும் அடுத்த வாரம் இரவுவேலையும் உடையவன் எந்நேரத்தைத் தேர்வான்? மனத்தில் உள்ளதைக் கூறுக என்கின்றது. ஊரில் வாங்கிய கடனையும் மனைவியின் நோயையும் பலர் செவிப்பட அவன் எவ்வாறு உரைப்பான்? நோயின் இலக்கணத்திலேயே 'உறங்க வாய்ப்பிருந்தும்' என்னும் நிபந்தனை உண்டு. அவ்வாய்ப்பே மறுக்கப்பட்டவன் இலக்கணப்படி நோயாளியே அல்லன். அவனுக்குப் பயிற்சி மட்டும் தந்து வாய்ப்பைத் தராதிருத்தல், நீரில்லாதவனுக்கு நீந்தக் கற்பிப்பதை ஒக்கும்.

இதனால் தொலைமருத்துவம் பயனற்றது என்று கொள்ளலாகாது. நள்ளிரவில் தன்மொழியில் ஒரு குரல் கேட்பதே பலர்க்குப் பேருதவி. நாணத்தால் மருத்துவமனை நாடாதாரும் அதனை நாடுவர். ஆயின் அக்குரலை அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததெனச் சமுதாயம் எண்ணுதலே பிழையாகும். மருத்துவன் தொலைவுக்குச் செல்லச் செல்ல, உழைச்செல்வானின் கடமை குறைவதன்று, பெருகுவதே ஆகும்.

அக்கடமையை ஏற்பவர் ஒருவரல்லர். புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிருவர்க்கு மேற்படலாகாது, ஆளுக்கு 4.2 சதுரமீட்டருக்குக் குறையலாகாது என 2021ஆம் ஆண்டில் அரசு வகுத்த விதியும் ஒருவகையில் உழைச்செல்வானே. வேலைமுறையை அடிக்கடி மாற்றாத முதலாளி, இரவுப் பணியாளரைத் தனியறையில் சேர்க்கும் விடுதிப் பொறுப்பாளர், பகலில் உறங்குபவன் பொருட்டுத் தன் கைப்பேசியின் ஒலியைத் தணிக்கும் அறைத்தோழன் ஆகிய மூவரும் உழைச்செல்வாரே.

நள்ளிரவில் ரயில்கள் ஓய்ந்தபின் தண்டவாளங்களைச் செப்பனிடுவோர், நகரம் விழிக்கும் வேளையில் உறங்கச் செல்கின்றனர். அவர்தம் விழிப்பால் ஏனையோர் காலைப் பயணம் இடரின்றி நடைபெறுகின்றது. உறக்கத்தை ஒருவர்க்கு ஒருவர் அளித்தல் இயலாது என்பது உண்மையே. ஆனால் ஒருவர் உறக்கத்தைப் பிறர் காத்தல் இயலும். இயலும் ஒன்றைச் செய்யாதுவிட்டு, உறங்காதவனை அவன் கவலைக்காகக் குறைகூறுதல் அறமாகாது.