ஞாபகம் யாருடைய வேலை?

'என்னால் மறக்க முடியவில்லை' என்று சொல்லுகிறவனை நாம் நிரபராதியாக எண்ணிவிடுகிறோம். ஞாபகம் அவனுக்கு நேர்ந்தது. அவன் செய்வதல்ல என்பது நம் எண்ணம். அதைச் சற்று உரசிப் பார்க்கும்படி என்னைத் தூண்டியது, என் மேஜைக் கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டிய ஒரு சின்னக் காரியம்.

வேலை என்னவோ ஐந்து நிமிஷம்தான். கடைப் பையன் பிளக்கைப் பிடுங்கினான். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டான். பழைய பலகைக்குப் பக்கத்து ஸ்லாட்டில், வெட்டுக்கு வெட்டு சரிபார்த்து, இரண்டு விரல் அகலப் பலகை ஒன்றை வைத்து அழுத்தினான். ஓரத்துக் கொக்கிகள் 'டக்'கென்று பிடித்துக்கொண்டன. 4 ஜி.பி. 8 ஆயிற்று. (கடைத்தெருவில் இதை 'ராம்' என்கிறார்கள். பகவான் நாமம் அல்ல. மூன்று ஆங்கில எழுத்துக்கள்.)

புதிதாக வந்ததில் ஒரு ஞாபகமும் இல்லை, வெறும் இடம். அதனுள்ளே நடப்பதுதான் விசித்திரம். ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட் 1966-இல் யோசித்து, 1968-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கி. ஆனால் அது ஓட்டைக் குடம், ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி விநாடிக்குள், அதாவது விநாடிக்குப் 15 தடவைக்கு மேல், நிறைந்திருந்த குடங்களையெல்லாம் மறுபடி நிரப்பியாக வேண்டும். 8 ஜி.பி.யில் ஏறக்குறைய 6,870 கோடிக் குடங்கள்! போதாததற்கு, படித்தாலே குடம் காலி. படித்ததை உடனே திரும்ப எழுதி வைத்தால்தான் உண்டு. ஆக, அங்கே ஞாபகம் என்று ஒரு பொருளே இல்லை. ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிற ஓயாத வேலைதான் இருக்கிறது.

மனித மனசு யந்திரமல்ல. உவமையை இஷ்டத்துக்கு இழுக்கக் கூடாது. ஆயினும், இருபது வருஷத்துக்கு முன் பாகப் பிரிவினையன்று தம்பி சொன்ன ஒரு சொல்லை இன்றுவரை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிற அண்ணனைப் பாருங்கள். அந்தச் சொல் தானாகவா இருந்தது? ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை எடுத்துப் படித்துத் திரும்ப எழுதி வைத்தது யார்? அப்படி எழுதுகையில் ஓர் அட்சரம் கூடியிருக்காது என்று யார் கண்டது? தம்பி சொன்னது ஒரு தரம். மற்ற தரங்களெல்லாம் அண்ணன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டவை. அவற்றுக்கும் தம்பியேவா கணக்குச் சொல்ல வேண்டும்?

'பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்லுவீரோ?' என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். துக்கம் அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நடு ராத்திரியில் தட்டி எழுப்புகிறது. அநியாயத்தை மறந்துவிடு என்கிற உபதேசமும் என்னுடையதல்ல. அதில் அதிக லாபம் அநியாயம் செய்தவனுக்குத்தான். சில குடங்களை நிரப்பிக்கொண்டே இருப்பது கடமை என்றுகூடச் சொல்லுவேன். நிரப்புகிற கை யாருடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அண்ணன், 'மறக்க முடியவில்லை' என்பதற்குப் பதிலாக 'மறக்க மாட்டேன்' என்று சொல்லட்டும். அப்போது தம்பி மகளாவது, "ஏன் பெரியப்பா, ஏன் மாட்டீங்க?" என்று கேட்க இடமிருக்கும்.