பொதுச் செல்வமாகிய நம்பிக்கை

'சத்யம்' என்றால் உண்மை. அப்பெயரைத் தாங்கிய ஹைதராபாத் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ஆம் நாள் தமது இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் சுமார் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அன்றே அந்நிறுவனப் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேலாகச் சரிந்தது. மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடும் 7 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 'மற்றவர்களின் கணக்கும் இப்படித்தானோ?' என்ற ஐயம் எழுந்தது. பொய்க்கணக்கு எழுதாதவர்களும் தங்கள் நேர்மையை நிரூபிக்க வேண்டியதாயிற்று. இது நியாயமா?

ஒருவர் செய்த தீவினைக்காக மற்றொருவரைப் பழிப்பது அறமன்று. ஆயினும் ஐயுற்றவரை முற்றிலும் குறைகூற இயலாது. சிறு முதலீட்டாளரால் ஒவ்வொரு நிறுவனத்தின் பேரேட்டையும் புரட்டிப் பார்க்க முடியாது. தணிக்கையாளரின் கையொப்பம், இயக்குநர்களின் மேற்பார்வை ஆகிய அடையாளங்களை நம்பியே அவர் தம் சேமிப்பை ஒப்படைக்கிறார். அவ்வடையாளங்கள் யாவும் சத்யத்திடமும் இருந்தன. 2008-இல் சிறந்த நிர்வாகத்திற்கான விருதுகூட அதற்குக் கிடைத்திருந்தது. அடையாளமே பொய்த்தபின், அதைத் தாங்கிய அனைவர்மீதும் ஐயம் படர்வது இயல்பே.

நம்பிக்கை ஊர்ப் பொதுக்குளம் போன்றது. பலர் கூடி வெட்டிய குளத்தை ஒருவர் நஞ்சாக்கினால் ஊர் முழுவதும் தாகத்தால் வாடும். இந்திய மென்பொருள் துறையின் நற்பெயரும் பலரது நெடுங்கால உழைப்பால் விளைந்ததே. ஆகவே பொய்க்கணக்கு எழுதியவர் தமக்குச் சொந்தமல்லாத செல்வத்தையும் அழித்தவராகிறார். அவரது குற்றத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது.

குற்றத்தின் பொறுப்பு வேறு; சீர்செய்யும் பொறுப்பு வேறு. முன்னது செய்தவரையே சாரும். 2015-இல் சிறப்பு நீதிமன்றம் ராஜுவையும் மற்ற ஒன்பது பேரையும் மட்டுமே குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பின்னதோ, பொதுக்குளத்தில் நீர் அருந்திய அனைவருக்கும் உரியது. வீழ்ந்தவரின் வாடிக்கையாளர்களைக் கவர்ந்துகொண்டு, 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்' என்று ஒதுங்குவது எளிது. ஆனால் குளம் அதனால் தூய்மை அடையாது. மத்திய அரசு அமைத்த புதிய இயக்குநர் குழுவில், மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் முன்னாள் தலைவர் கிரண் கார்னிக் பொறுப்பேற்றார். பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் தணிக்கையாளரைக் குறிப்பிட்ட காலத்திற்குப்பின் மாற்றியே ஆக வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் விதித்தது. இச்சுமை நேர்மையாளருக்கும் உண்டு.

அதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை. உரைகல்லில் உரைக்கப்படுவதால் பொன்னின் மாற்றுக் குறைவதில்லை.