எங்கே நோகிறது என்று கேளுங்கள்



வீட்டோடு கிடக்கும் ஒரு பெரியவருக்குச் சென்ற மாதம் நற்கருணை கொண்டுபோனேன். மேல்விஷாரத்தில் நாற்பது வருடம் தோல் பதனிடும் தொட்டியருகே நின்று உழைத்தவர். முழங்காலும் இடுப்பும் இரவில் அவரைத் தூங்கவிடுவதில்லை. "சேசுநாதர் பட்ட பாட்டுக்கு இது எம்மாத்திரம், சாமி" என்றார். "பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் என் மனச்சாட்சி என்னைக் குத்திற்று. நல்ல சமாரித்தன் காயப்பட்டவனுக்குப் பொறுமையைப் பிரசங்கித்துவிட்டுப் போகவில்லையே! எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். விலகிப்போனவன் குருவானவன் அல்லவா?

வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் வேண்டாமென்றாரே என்பீர்கள். மெய்தான். ஆனால் 1957-ம் வருடம் பிப்ரவரி 24-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு இதைத் தெளிவாய் விளக்கினார். வேதனையை மனமுவந்து ஏற்பது புண்ணியமாகலாம். அது எல்லார்மேலும் சுமத்தப்பட்ட கடமையன்று. நோவு தணிக்கும் மருந்தைக் கிறிஸ்தவன் தாராளமாய் ஏற்கலாம்.

ஆகையால் முதியோரே, நோவை மறைக்காதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வயதானால் நோகத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம். டைக்ளோபினாக் போன்றவை முதியோருக்கு வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலுக்கும் அளவுண்டு. ஒத்தடமும், வைத்தியர் காட்டும் சிறு அப்பியாசமும், கைத்தடியும் பல வேளை உதவும்.

பிள்ளைகளே, நினைவு தப்பிய தாய் தகப்பன் வாயால் சொல்லமாட்டார்கள். புரட்டும்போது முகஞ்சுளிப்பதும், உணவை மறுப்பதும், முனகுவதுமே அவர்கள் பேச்சு. புற்றுநோயின் கொடிய நோவுக்கு மார்பின் என்ற மருந்துண்டு. வைத்தியர் மேற்பார்வையில் கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது நோயாளிகளுக்கு எளிதாய்க் கிடைக்கவே 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. அருகே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இத்தகையோரின் வேதனை தணிக்கும் தனிப் பிரிவு உண்டு.

மறுவாரம் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகன் அவரை வைத்தியரிடம் அழைத்துப்போனான். நோவு முற்றும் நீங்கவில்லை. ஆயினும் இரவில் நாலு மணி நேரம் தூங்குகிறார். "இப்போதுதான் சாமி, ஜெபமாலையை முழுதும் சொல்லி முடிக்கிறேன்" என்றார்.

இன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் பெரியவர்கள் அருகே உட்கார்ந்து, எங்கே நோகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திராதீர்கள்.

சேசுவுக்குத் தோத்திரம்.

உங்கள் பங்குக்குரு